செவலைப் பசுமேல் எனக்குப் பொறாமை

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் தலைவர், துணிக்கடை மாணிக்கம் ஐயா அவர்களே! கடல் கடந்து வந்து இந்தச் சீமையில் கடை விரித்த மரைக்காயர் பெருமக்களே! கேலாங்கிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கும் பெரியோர்களே! மறைப்புக்குக் கட்டிய மூங்கில் தட்டிக்கு அப்பால் அமர்ந்து தலையை மட்டும் நீட்டிப் பார்க்கும் என் தாய்மார்களே! பெண்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளும் இந்த மங்களத்தின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னே பேசிய ஐயா, பெண்ணுக்குப் பொறாமை ஆகாது, பொறுமையே அவள் பொன் நகை என்று முழங்கினார். கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் சபையோரே, நான் பொறாமையோடுதான் இங்கே வந்து நிற்கிறேன். வயிறெரிந்து நிற்கிறேன். யார்மேல்? பட்டுடுத்திய சீமாட்டிமேலா? இல்லை. பங்களாவில் வாழும் துரைசானிமேலா? இல்லவே இல்லை. இதே சிராங்கூன் சாலையில், தேக்காவில் மாட்டுக்கொட்டகை வைத்திருக்கிறாரே தங்கராஜு, அவர் வளர்க்கும் செவலைப் பசுமேல்!

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கதையைக் கேளுங்கள்.

தங்கராஜுவின் மனைவி ரத்தினம்மாவை வண்டியில் படுக்க வைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தலைப்பிள்ளை பெற்றவள். கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன. விரலால் அழுத்தினால் அழுத்திய இடம் குழியாகவே நின்றது. பெற்ற பிள்ளையைத் தூக்கக் கையில் வலுவில்லை. பிள்ளைக்கோ அழக்கூடத் தெம்பில்லை. டாக்டர் பார்த்தார். "இது பெரிபெரி. இப்படியே விட்டால் தாயும் தங்கமாட்டாள், பிள்ளையும் தங்காது" என்றார்.

"என்ன சாப்பிட்டே?" என்று கேட்டேன்.

"பத்தியம்தாம்மா. வெறுஞ்சோறும் வறுத்த உப்பும்" என்றாள்.

கீரை? கீரை தின்றால் பிள்ளைக்கு மாந்தம், வயிறு உப்பிச் செரிக்காமல் போய்விடுமாம். பருப்பு? பருப்பு தின்றால் மாந்தம். மீன்? ஐயையோ, மாந்தம்! தண்ணீராவது குடித்தாளா? பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாதாம், தொண்டையை நனைத்துக்கொண்டாளாம். தாய்மார்களே, ஏன் ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? உங்கள் வீட்டிலும் இதே பத்தியம்தானோ?

ரத்தினம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்க வீட்டுல வயிறாரச் சாப்பிடறது செவலை ஒண்ணுதாம்மா. நானும் அதுவும் ஒரே வாரத்துலதான் பெத்தோம். அதுக்கு அவரு தண்ணி காட்டுறப்ப எனக்கு வயிறு எரியுது. மாட்டைப் பாத்துப் பொறாமைப்படறேனே, நான் மனுஷிதானா?"

அந்த மாட்டைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிளம்பிப் போனேன். பார்த்தேன். கன்று ஈன்ற செவலை ராணியாக நின்றது. தங்கராஜு தொட்டியில் தவிட்டைக் கொட்டுகிறார், புண்ணாக்கைக் கரைக்கிறார், வெல்லத்தைப் போடுகிறார். வாளி வாளியாகத் தண்ணீர் காட்டுகிறார். "குடிம்மா, என் கண்ணுல்ல, இன்னும் கொஞ்சம்" என்று கழுத்தைத் தடவுகிறார். சபையோரே, நான் உள்ளதைச் சொல்கிறேன். "இன்னும் கொஞ்சம்" என்று என்னிடம் இந்த ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பசுமேல் எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, தண்ணி குறைச்சுக் காட்டினா என்ன?" என்றேன்.

"என்னம்மா பேசறீங்க? கன்னு போட்ட மாட்டுக்குத் தண்ணி காட்டாட்டி பால் வத்திடும்லா!"

"அப்படியா? பிள்ளை பெத்த ரத்தினம்மாவுக்கு?"

மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். அவரைக் கல்நெஞ்சன் என்று எண்ணாதீர்கள். மனைவிமேல் உயிரையே வைத்திருப்பவர். நாம் தின்னும் புழுங்கலரிசி முரடு, பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்று தேடிப்போய், தும்பைப் பூவாகத் தீட்டிய சியாம் பச்சரிசி வாங்கிப் போட்டிருக்கிறார். ஆசையாகத்தான் போட்டார். அந்த வெள்ளைதான் வினை! அப்படித் தீட்டிய அரிசியை மட்டும் தின்றால்தான் பெரிபெரி வருகிறது என்று பெரிய டாக்டர்களே இப்போது சொல்கிறார்கள். சத்தெல்லாம் தவிட்டில் இருக்கிறது. தவிடு எங்கே போயிற்று? செவலையின் தொட்டிக்கு! சக்கை எங்கே போயிற்று? ரத்தினம்மாவின் தட்டுக்கு!

அவரிடமே புதுத் தவிடு கேட்டேன், சலித்துக் கஞ்சி காய்ச்ச. மனிதருக்கு வந்ததே கோபம்! "மாட்டுத் தீனியையா எம் பொண்டாட்டிக்குக் குடுப்பீங்க?"

"ஆமாம் தங்கராஜு. உங்க மாட்டுக்குச் செய்யறதைத்தான் உங்க பொண்டாட்டிக்கும் செய்யச் சொல்றேன். அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை."

தொட்டியில் வாய் வைத்திருந்த செவலையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாமே முறத்தை எடுத்துத் தவிட்டை அள்ளினார். ஆஸ்பத்திரிக்கு வந்து கஞ்சியைத் தம் கையாலேயே ஊட்டினார். கீரையும் பருப்பும் மீனும் கொடுத்தோம், கேட்கும்போதெல்லாம் தண்ணீர் கொடுத்தோம். வீக்கம் வடிந்தது. தாயும் பிள்ளையும் வீடு திரும்பினார்கள். பிள்ளைக்கு மாந்தம் வந்ததா? அதோ, தட்டிக்கு அப்பால் ஊரையே கூட்டுகிறதே ஒரு குரல், அதுதான் ரத்தினம்மாவின் மகள். கத்தட்டும், அம்மா, வாயைப் பொத்தாதே!

தலைவர் மணியைத் தொடுகிறார். இதோ முடித்துவிடுகிறேன் ஐயா. மேடைக்கு வடைத்தட்டு வந்ததே, தட்டிக்கு அப்பால் வந்ததா தாய்மார்களே? இல்லையாம்! மிஞ்சினால் வருமாம்! இந்தாருங்கள், என் தட்டு முதலில் அங்கே போகட்டும். தலைவர் தம் தட்டையும் எடுத்து நீட்டுகிறார், வாழ்க!

தாய்மார்களே, பொறுத்தது போதும், கொஞ்சம் பொறாமைப்படுங்கள்! தொட்டியைப் பார்த்துவிட்டு உங்கள் தட்டைப் பாருங்கள். எனக்கும் தா என்று வாய் திறந்து கேளுங்கள். நேற்று தங்கராஜு ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்துக் குறைப்பட்டுக்கொண்டார். "அம்மா, இப்பல்லாம் முதல்ல ரத்தினத்துக்குத்தான் கஞ்சி கொண்டு போறேன். அதைப் பாத்துட்டுச் செவலை அவளை முட்ட வருது!"

முட்டட்டும்! நாம் பட்ட பொறாமையைச் செவலையும் கொஞ்சம் படட்டும்! இந்தச் சிராங்கூன் சாலையில் உள்ள ஒவ்வொரு மாடும் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து வயிறெரியும் காலம் வரட்டும்! பொறுத்திருந்து கேட்ட உங்களுக்கு என் நன்றி. எல்லோரும் வயிறார வாழுங்கள், வணக்கம்.