நாலு டயரும் உட்பக்கம்

ஐயா, எழுதத் தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் உங்கள் ஜீப்பின் முன்பக்க இடது டயர் உள்ஓரத்தில் தேய்ந்திருக்கிறது. அலைன்மெண்ட் பார்க்காமல் புது டயர் மாட்டினால் ஆறு மாதத்தில் அதற்கும் இதே கதிதான். முப்பத்தோரு வருஷமாக டயர் மாட்டுகிறவனுக்கு ஆளின் முகத்துக்கு முன்னால் வண்டியின் சக்கரம்தான் கண்ணில் படுகிறது. தப்பாக நினைக்க வேண்டாம்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். நேற்று கடையில் நீங்கள் கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். "விலை கம்மியான டயர் வாங்கலாமா, இல்ல காசு மிச்சம்ங்கிறதெல்லாம் வெறும் ஏமாத்தா?" என்று கேட்டீர்கள். பேச்சுக் கொடுத்துப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்தது. ஆனாலும் தொழில் சம்பந்தமாக யாராவது கேட்டால் என்னால் பொய் சொல்ல முடியாது. வாங்கலாம் என்றேன். ஊருக்குள் ஓடுகிற வண்டிக்குத் தாராளமாக வாங்கலாம். மழை ரோட்டில் பிரேக் பிடித்தால் ஒன்றிரண்டு வண்டி நீளம் தள்ளிப்போய் நிற்கும். அதைத் தெரிந்துகொண்டு நிதானமாக ஓட்டினால் ஒரு வம்பும் இல்லை. விலையைப் பார்க்கும் நேரத்தில் தேதியைப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

டயரின் பக்கவாட்டில் சின்னதாக நாலு எண் அச்சாகியிருக்கும். முதல் இரண்டும் அது செய்யப்பட்ட வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ஒரு கிலோமீட்டர்கூட ஓடாமல் கடையில் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும். இறுகும், உள்ளே பிடிப்பு விட்டுப்போகும், வெளியே மட்டும் பளபளவென்று இருக்கும். அந்த நாலு எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை வெளியே பார்த்த மாதிரி மாட்டுவது என் வழக்கம். யாரும் கேட்டதில்லை, எனக்கு அப்படி மாட்டினால்தான் திருப்தி. நேற்று கடை வாசலில் நின்ற ஏழு வண்டிகளையும் நீங்கள் குனிந்து குனிந்து பார்த்தபோதே எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜ் மெக்கானிக். வாய் ஓயாது. டயருக்குக் காற்றடிக்கிறவன் என்பதால் கடையில் எல்லாரும் என்னைக் 'காத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மட்டும் மரியாதை சேர்த்துக் 'காத்து மாமா' என்பார். அதைக் கேட்டு என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவரோடு அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. தினமும் சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவாள். சனிக்கிழமை ராத்திரி மூன்று பேரும் என் வீட்டில் தங்குவார்கள், மகளின் பழைய அறையில், அந்தப் பெரிய கட்டிலில். என் மனைவி இறந்து எட்டு வருஷம் ஆகிறது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் ஆள் இருக்கிற சத்தம் கேட்கும்.

அப்புறம் அவருக்குப் பத்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு துறைமுக ஊரில் வேலை கிடைத்தது. மீன் பதப்படுத்தும் பெரிய குளிர்கிடங்கு. மகள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்களும் எங்களோடயே வந்துடுங்கப்பா. இங்க தனியா கிடந்து என்ன பண்ணப் போறீங்க?"

"பார்க்கலாம்மா" என்றேன். ரொம்ப சந்தோஷம் என்றும் சொன்னேன். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் மாப்பிள்ளை காரைக் கடைக்குக் கொண்டுவந்தார்.

"மாமா, நாலும் வழுக்கையாயிடுச்சு, என் தலைக்குப் போட்டியா. வீட்டுச் சாமான வேற ஏத்திட்டுப் போகணும். இப்போதைக்கு விலை கம்மியில ஏதாவது போட்டு விடுங்க. அங்க போய் முதல் சம்பளம் வாங்கினதும் நல்லதா மாத்திடறேன்."

"எது போடட்டும்?"

"என்னைக் கேட்டா? எனக்கு ஃபிரிட்ஜுல சக்கரம் இருந்தா சொல்லத் தெரியும். நீங்க பார்த்துப் போடுங்க மாமா."

முன்வரிசையில் விலை குறைந்த டயர்கள் அடுக்கியிருந்தன. ஆறு மாதத்துச் சரக்கு. என் சொந்த வண்டிக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். நான் கொல்லைப்பக்கம் போனேன். அங்கே தார்ப்பாய் போட்டு மூடி, பதினொரு வருஷத்துச் சரக்கு கொஞ்சம் கிடந்தது. வெட்டிப் பழைய ரப்பர் விலைக்குப் போடச் சொல்லி முதலாளி எப்போதோ சொல்லியிருந்தார். அதிலிருந்து நாலை எடுத்து, துடைத்து, மெருகு போட்டேன். நாலு டயரிலும் தேதி எண்ணை உட்பக்கம் திருப்பி மாட்டினேன். மற்றபடி வேலையில் குறை வைக்கவில்லை. நாலுக்கும் பேலன்ஸ் பார்த்தேன். காற்றைச் சரியான அளவுக்கு அடித்தேன்.

அந்த ஒரு மணி நேரமும் மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. கடையில் தண்ணீர் குளிரவைக்கும் பெட்டி ஒன்று பழுதாகிக் கிடந்தது. அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளி கொடுத்த கூலியை வாங்கவில்லை. "காத்து மாமா சூடான ஆளு, ஜில்லுனு தண்ணி குடிக்கட்டும்" என்றார். இன்றைக்கும் அதில் ஜில்லென்றுதான் தண்ணீர் வருகிறது. நான் குடிக்கிறேன்.

என்ன நடக்கும் என்று நினைத்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். வழியில் டயர் போகும், வண்டி நிற்கும், ஆள் சலித்துப்போய்த் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவ்வளவுதான். அவர் உயிர் போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

மகளையும் பேத்தியையும் அந்தக் காரில் ஏறவிடாமல் செய்தது நான்தான். அதை மறைக்கவில்லை. "சேர்ந்தே போயிடறோமேப்பா" என்றாள். "பின்சீட் முழுக்கச் சாமான். சின்னதை எங்க உட்கார வைப்பே? அவர் போய் வீட்டை ஒழுங்கு பண்ணட்டும், நீங்க அடுத்த வாரம் ரயில்ல போங்க, டிக்கெட் நான் போடறேன்" என்றேன். நியாயமான பேச்சுதான், யாராயிருந்தாலும் அதையே சொல்வார்கள். டிக்கெட் போட மறந்துவிட்டேன்.

அவர் கிளம்பிப் போன அன்று மதியம் போன் வந்தபோது ஒரு சக்கரத்துக்குப் பேலன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்க டயர் ஒன்றின் மேல்பட்டை அப்படியே உரிந்து, வண்டி சுழன்று, நின்றுகொண்டிருந்த லாரியில் மோதியது என்றார்கள். சரி என்று சொல்லி போனை வைத்தேன். மிச்சமிருந்த ஈயத்துண்டை ஒட்டி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை இறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். கல் நெஞ்சம் என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. எல்லாம் மரத்துப்போயிருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். காசு மிச்சம் பிடிக்கப் போய் உயிரை விட்டான் என்றார்கள். நான் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். பத்தாவது நாள் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க நல்லதா போடச் சொல்லியிருப்பீங்க. அவர் கேட்டிருக்க மாட்டார், இல்லப்பா?"

"போனதை விடும்மா" என்றேன். பொய் சொல்லவில்லை, பாருங்கள். அன்றோடு அவள் அழுகை நின்றுவிட்டது. அவர் படத்தை மாட்டலாம் என்று நான் எடுத்தபோது, வேண்டாம் என்று வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டாள். கோபம் வந்தால் துக்கம் சீக்கிரம் ஆறும் என்று அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

போன வாரம் பேத்தி வாசலில் பக்கத்து வீட்டுக் குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். ஆறு வயசு. "எங்கப்பா கஞ்சம். சீப் டயர் போட்டாரு, அதான் செத்துட்டாரு" என்று, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அப்போதுதான் முதல் தடவையாக எங்கேயோ வலித்தது. எழுந்து உள்ளே போனேன், சட்டை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன்.

அதனால்தான் நேற்று நீங்கள் வந்தபோது நான் எதையும் மறுக்கவில்லை. அவர் கஞ்சம் இல்லை ஐயா. விலை குறைந்த டயரும் அவரைக் கொல்லவில்லை. அவர் கேட்டதைப் போட்டிருந்தால் இன்றைக்கு அந்தக் குளிர்கிடங்கில் யாரையாவது சிரிக்க வைத்துக்கொண்டு இருப்பார். இதை மட்டும் மகளிடம் வாசித்துக் காட்டுங்கள். மற்றதைக் காட்டாமல் இருக்க முடிந்தால் நல்லது. இன்று காலையிலும் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது அவள்தான். மாப்பிள்ளை விஷயமாகச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

காலையில் என்னை அழைத்துவர வீட்டுக்கு வந்தபோது, மகளும் பேத்தியும் இப்போது என்னோடு வந்து இருக்கும் அந்தப் பழைய அறையை எட்டிப் பார்த்தீர்கள். வெளிர் மஞ்சள் பெயிண்ட், ஜன்னலோரம் பேத்திக்கு ஒரு கட்டில், சுவரோரம் மகளுக்கு ஒன்று. நன்றாக இருக்கிறது என்றீர்கள். ஜீப்பில் ஏறும்போது, கட்டில் எப்போது வாங்கியது என்று கேட்டீர்கள். ஞாபகமில்லை என்றேன். தேதி பார்க்கச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான், நீங்கள் கற்றுக்கொண்டுவிட்டீர்கள்.

ஞாபகம் இருக்கிறது. மாப்பிள்ளை கிளம்புவதற்கு நாலு நாள் முன்பு. மகள் அவர்கள் வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். தச்சரைக் கூப்பிட்டு, மூன்று பேரும் படுக்கும் அந்தப் பெரிய கட்டிலைக் கழற்றி எடுத்துப்போகச் சொன்னேன். இரண்டு ஒற்றைக் கட்டில்களையும் நானே பிடித்துப் போட்டேன்.