கேட்டு வாங்காத சரக்கு

யூனிஸ்: ஏன் சிரில், இப்படி ஊமையாயிட்டீங்க? முதமுதல்ல இந்த பெங்களூர் ஏர்போர்ட்டுக்கு வந்தப்பவும் இப்படித்தான். நான் என்ன சொன்னேன், ஞாபகமிருக்கா?

சிரில்: மறக்குமா? உங்க சரக்கு கவுன்ட்டர் முன்னாடி சும்மா நின்னேன். “வாயைத் திறந்து கேளுங்க சார், கேட்டு வாங்காத சரக்கு வந்த ஊருக்கே திரும்பிப் போயிடும்”னீங்க.

யூனிஸ்: அதுக்கு நீங்க?

சிரில்: “மெட்ராஸ் பிளேன்ல எங்க டாக்கீஸுக்குப் படப்பெட்டி வந்திருக்கா, மேடம்”னேன். குரலே வரல.

யூனிஸ்: வந்துச்சு. பூனைக்குட்டி மாதிரி.

சிரில்: கிண்டல் இருக்கட்டும். நிஜமாவே உங்கள மெட்ராஸுக்கு மாத்திட்டாங்களா?

யூனிஸ்: சொந்த ஊர்தானே, போறியான்னு கேக்கறாங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மேனேஜர்கிட்ட பதில் சொல்லணும்.

சிரில்: ஓ... என்ன சொல்லப் போறீங்க?

யூனிஸ்: பாக்கலாம். உங்களுக்கு என்ன வேணும்?

சிரில்: வெள்ளிக்கிழமையாச்சே... பெட்டி...

யூனிஸ்: வரல. போன வாரமும் வரல. அதுக்கு முந்தின வாரமும் வரல. டாக்கீஸ்ல என்னதான் காட்டுறீங்க, வெறும் திரையவா?

சிரில்: பழைய படம்... ஜனங்க விரும்பிக் கேக்கறாங்க.

யூனிஸ்: அதுக்காக பிரேசர் டவுன்லேருந்து மழையில சைக்கிள் மிதிச்சுக்கிட்டு...

சிரில்: இங்க நின்னா டகோட்டா பிளேன் இறங்கறதப் பாக்கலாம்ல?

யூனிஸ்: ரன்வேக்கு முதுகைக் காட்டிக்கிட்டா?

சிரில்: சத்தத்தக் கேட்டாலே போதும்ங்க.

யூனிஸ்: அதோ மேனேஜர் வர்றார்.

சிரில்: இருங்க. ஒரு உண்மை சொல்லிடறேன். தீபாவளியிலேருந்தே எங்க பெட்டி ரயில்லதான் வருது.

யூனிஸ்: தெரியும்.

சிரில்: தெரியுமா? அப்புறம் ஏன் ஒவ்வொரு வாரமும் “அடுத்த பிளேன்ல பாப்போம், உக்காருங்க”ன்னு காபி வரவழைச்சீங்க?

யூனிஸ்: மெட்ராஸ்லேருந்து ஒரு நாளைக்கு ஒரே பிளேன்தான்னு உங்களுக்கும் தெரியும். அப்புறம் ஏன் உக்காந்தீங்க?

சிரில்: காபி நல்லாருந்துச்சு.

யூனிஸ்: அந்தக் கழனித் தண்ணியா? மேனேஜர் கிட்ட வந்துட்டார், சிரில். நான் என்ன சொல்லட்டும்?

சிரில்: அவர் முன்னாடி எப்படி...

யூனிஸ்: நானும் மெட்ராஸ்லேருந்து வந்தவதான். இந்த கவுன்ட்டர் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான்.

சிரில்: அப்போ அவருக்கும் கேக்கற மாதிரியே கேக்கறேன். வந்த ஊருக்குத் திரும்பிப் போகாதே, யூனிஸ்... என்னைக் கட்டிக்கிறியா?