பாப்பரசருக்கு விரித்த கட்டில்

"பொலிஸ்! பின்கதவாலை ஓடுங்கோ!"

குசினியிலிருந்து குணம் அண்ணை கத்துகிறார். ஓடுகிறேன். பனி முழங்கால் மட்டும். சப்பாத்து கடிக்கிறது. என்னுடையது அல்ல. பின்னால் கார்க்கதவுகள். டப். டப். திரும்பிப் பார்க்கிறேன். தம்பி வரவில்லை.

எண்பத்தாறு மாசி. செவ்வாய்க்கிழமை. காலை ஆறு பத்து.

சுவிசில், சூக் நகரத்துக்கு மேலே மலையில் ஒரு கன்னியர் மடம். குணம் அண்ணையோடு அகதிகள் பதினொரு பேரை அங்கே வைத்திருந்தார்கள். தம்பிக்கும் எனக்கும் மாடியறை. பெரிய கட்டில். வெள்ளை விரிப்பு. இவ்வளவு நல்ல அறை எங்களுக்கு ஏன் என்று கேட்டேன். மூத்த கன்னியாஸ்திரி சொன்னார். அவர் பேசும் டொச் மொழி எனக்கு அரைகுறை. கையாலும் காட்டினார்.

பெரிய யுத்த காலம். உரோமில் ஜெர்மன்காரர். பாப்பரசரைப் பிடிக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. ஸ்பெயினுக்கு ஓடுவார் என்றார்கள். இல்லை, சுவிசுக்கு என்றார்கள். இந்த மடத்துக்குத்தான் என்று யாரோ சொல்ல, சுண்ணாம்பு அடித்தார்கள். கட்டில் போட்டார்கள். விரிப்பை அயன் பண்ணியது இவர். அப்போது வயது பத்தொன்பது. கிழமைக்கு ஒரு தரம் அயன் பண்ணினார். பாப்பரசர் வரவில்லை. கதை மெய்யோ பொய்யோ, தனக்குத் தெரியாது என்றார்.

நான் நம்பினேன்.

ஊரில் செல் குண்டு விழுந்தபோது மாதா கோயிலுக்குள் ஓடினோம். நாங்கள் சைவம். அன்று அதை யாரும் கேட்கவில்லை. உள்ளே போனவர்கள் பிழைத்தோம். பசுவை அவிழ்க்கப் போன அம்மா வந்து சேரவில்லை.

தை மாதம் தம்பிக்கும் எனக்கும் அரசாங்கக் கடிதம் வந்தது. இரண்டு பேரும் நாட்டை விட்டுப் போக வேண்டும். குணம் அண்ணைக்கு பூம்ப்ளிஸ் என்ற வேறு ஊரில் சொந்தக்காரர். "அங்கை போய் ஒளிச்சு நில்லுங்கோடா," என்றார். தம்பி பையைக் கட்டினான். நான்தான் அவிழ்த்தேன்.

"பாப்பரசருக்கு எண்டு வச்ச அறை. இதுக்குள்ளை பொலிஸ் வருமோ? விசரா, படு."

குணம் அண்ணை சிரித்தார். "அப்ப நீங்கள் ரெண்டு பேரும் பாப்பரசரோ?"

அந்தச் செவ்வாய், சத்தம் கேட்டதும் என் கால் எழும்பிவிட்டது. செல்லுக்கு ஓடிப் பழகிய கால். கிடந்த சப்பாத்துக்குள் நுழைந்தது. தம்பியை உலுக்கினேன்.

"எழும்படா!"

கண்ணைத் திறந்தான். "வரமாட்டாங்கள் எண்டு நீதானே அண்ணை சொன்னனீ."

முன்படியில் காலடிகள். நான் பின்படியால் ஓடினேன்.

மூத்த கன்னியாஸ்திரி எங்கள் அறை வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றாராம். இரண்டு பேர் அவரை மெல்லத் தூக்கி அப்பால் வைத்தார்களாம். தம்பியை வீட்டுச் செருப்போடு கொண்டுபோனார்கள். கொழும்பில் விமானத்தால் இறங்கியதை ஒருவர் கண்டார். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை.

நான் ஒன்பது மாதம் ஒளித்திருந்தேன். பிறகு என்னை இருக்க விட்டார்கள்.

மறக்கக் கூடாது என்று எழுதுகிறேன். போனது அம்மா. ஒரு பசு. தம்பி சிவராசா, வயது இருபத்திரண்டு. இருப்பது நான். அவனுடைய சப்பாத்து ஒரு சோடி. நாற்பதாம் நம்பர். எனக்கு நாற்பத்திரண்டு.