யம்னா பாடிய கல்யாணம்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் ஆசிரியை ஃபத்மா அவர்களே, தேநீர்க் கோப்பையோடு முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பின்வரிசையை முழுதாகப் பிடித்துக்கொண்ட தாய்மார்களே, மொரோக்கோவின் ரிஃப் மலையை விட்டு ராட்டர்டாமின் மழைக்கு வந்து சேர்ந்த என் மக்களே, அனைவருக்கும் சலாம்.

மேடை எனக்குப் புதிது. நூல் வெளியீட்டு விழாவில் நான் பேசியதே இல்லை. ஆனாலும் சொல்லப்போவது கவிஞர் யம்னாவின் கதை என்பதால் நாக்கு குதிக்கிறது.

மலையில் பிறந்தவர், துறைமுகத்தில் வளர்ந்தவர், டிராம் ஓட்டிக்கொண்டே பாட்டுக் கட்டியவர். சிவப்பு விளக்கு விழுந்தால் நமக்கு எரிச்சல் வரும். அவருக்கு எதுகை வரும்.

அந்த எதுகைக்கும் ஓர் ஆபத்து வந்தது. அவருடைய பாட்டு முதன்முதலாகப் பத்திரிகையில் பெயரோடு வெளியானது. இறைச்சிக் கடையில் யாரோ கிண்டல் செய்ய, தந்தை ஹத்து கொதித்துப்போய் வீடு திரும்பினார்.

"கல்யாணமாகாத பொண்ணு பேரு கடை கடையாத் தொங்குது. இனிமே எழுதாத."

"எழுதலன்னா செத்துருவேன் பாபா."

"டிராம் ஓட்டு. உசுரோட இருப்ப."

பாட்டா, பாபாவா? எதை விடுவார் யம்னா?

அடுத்த வாரம் உறவில் ஒரு கல்யாணம். கன்னிப் பெண்கள் தோள்சேர்த்து நின்று, கைப்பறை தட்டி ஈரடி பாடுவது நம் வழக்கம். அங்கே பாடியதற்கு யாரும் கோபிக்கக் கூடாது. பிடிக்காவிட்டால் பாட்டாலேயே பதில் சொல்ல வேண்டும். எத்தனை மாமியார்களை அப்படிப் பாடித் தீர்த்திருக்கிறோம்? சிரிக்காதீர்கள் தாய்மார்களே, நீங்களும் பாடியவர்கள்தான்.

யம்னா பறையை வாங்கினார். பாடினார்.

"கடல்தாண்டி வரும்போதென் நாவையும் கொண்டுவந்தாய் பாபா,
இறக்கிவைக்க இடமில்லையென்றால் ஏன் ஏற்றிவந்தாய் பாபா?"

கைப்பறைகள் நின்றன. ஹத்து எழுந்தார். வாயைத் திறப்பதற்குள் அவருடைய அக்கா லூயிஸா குறுக்கே வந்தார்.

"திட்டக் கூடாது தம்பி. பாடு."

"எனக்குப் பாட வராதுக்கா."

"அப்ப தோத்துட்டேன்னு சொல்லிட்டு உக்காரு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க பாத்துட்டு இருக்காங்க."

உட்காருவாரா ஹத்து? முகம் சிவந்தது, மீசை துடித்தது, நெற்றி வியர்த்தது.

"தாளத்தப் போடுங்கடி" என்றார். பாடினார்.

"பேப்பர்ல உன் பேரத் தனியா விட்டுட்டாங்க மகளே,
பயந்து நிக்குது; பக்கத்துல என் பேரையும் போடு மகளே."

எழுந்தது பாருங்கள் குலவை. சுவர் அதிர, சர விளக்கு அதிர, தட்டில் இருந்த பேரீச்சம்பழமெல்லாம் அதிர. மாப்பிள்ளையை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. பாவம், தன் கல்யாணத்திலேயே அவர் விருந்தாளியாகிப் போனார்.

பாட்டை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கும் மகள்களே, பாடுங்கள். பெயருக்குப் பயந்து நிற்கும் தந்தையரே, பதில் பாடுங்கள். தாளம் தப்பினால் தப்பட்டும், குரல் கோணினால் கோணட்டும், எழுந்து நின்று பாடுங்கள்.

அன்று முதல் எல்லா நூல்களின் அட்டையிலும் 'யம்னா ஹத்து' என்றே இருக்கிறது. இன்று வெளியாகும் நூலைப் பார்த்துவிட்டு, "என் பேரு மட்டும் ஏன் சின்ன எழுத்துல இருக்கு?" என்று வாசலிலேயே சண்டையைத் தொடங்கிவிட்டார் ஹத்து. தந்தையும் மகளும் மேடைக்கு வந்து அதைத் தீர்த்துக்கொள்ளட்டும். பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றியும் சலாமும்.