தனியாகப் போகக் கூடாத வீடு

உங்க போலீஸ் ஸ்டேஷன் டீ நல்லா இருக்கு மேடம். எங்க கட்சி ஆபீஸ்ல ஒரு நாளும் இப்படிக் கிடைச்சதில்லை.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், நான் பெண்களுக்கு விரோதி இல்லை. வேட்பாளர் தேர்வுல பெண்களுக்கு முன்னுரிமை கொடுக்கக் கட்சிகளை அனுமதிக்கிற சட்டம் வந்தப்ப, எங்க வேல்ஸ் மாநாட்டுல அதை வரவேற்றுக் கை தூக்கினவன் இந்த இட்வல் ப்ரோபர்ட். சட்டம் ‘செய்யணும்’னு சொல்லலை, ‘செய்யலாம்’னுதான் சொல்லுது. எந்தத் தொகுதியில செய்யறதுன்னு மேலிடம் முடிவு பண்ணும். தலைநகர் கார்டிஃப் பக்கம் எங்கேயாவது செய்வாங்கன்னு நினைச்சேன். எங்க பள்ளத்தாக்குலயே கொண்டுவந்து வச்சாங்க.

எங்க ஊர்ல கட்சி யாரை நிறுத்துதோ அவர்தான் எம்.பி. அதனால கட்சிக்காரங்க வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற நாள்தான் எங்களுக்கு நிஜத் தேர்தல். பழைய எம்.பி. எப்போ ஓய்வு எடுப்பார்னு, கட்சிச் செயலாளரா மழையில நனைஞ்சு நோட்டீஸ் போட்டுக்கிட்டே காத்துக் கிடந்தேன். என் பொண்டாட்டி எனக்குப் புதுக் கோட்டு கூட எடுத்து வச்சுட்டா. அப்போதான் பெண்கள் மட்டும் போட்டியிடலாம்னு தகவல் வந்தது. வயிறு எரிஞ்சது மேடம். முகத்துல காட்டிக்கலை.

போட்டிக்கு வந்த நெரிஸ் ஹவார்ட், மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி, ஆஸ்பத்திரி நர்ஸ். கெட்டிக்காரி, அதை நான் மறுக்கலை. கூட நின்ன மத்தப் பெண்கள் விலகிட்டாங்க. இவளும் போயிட்டா, தேர்வை எல்லாருக்கும் திறந்து விட்டுடுவாங்கன்னு எனக்கு ஒரு நப்பாசை.

போட்டியிடறவங்க ஒவ்வொரு உறுப்பினர் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து ஆதரவு கேட்கணும், அது எங்க வழக்கம். எந்த வீட்டுக்கு எப்படிப் போகணும்னு செயலாளர்தான் சொல்லுவார்.

“இட்வல் அண்ணே, டீ குடிச்சே வயிறு ஊதிப்போச்சு. இன்னும் எத்தனை வீடு?”ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டா.

“க்ளெம் டட்ஜ் வீடு பாக்கி. மேல்தெருவே அவர் பேச்சைக் கேட்கும். கூட்டமா போனா அவருக்குப் பிடிக்காது. தனியா போம்மா.”

“கடிச்சு வச்சுட மாட்டாரே?”

“தங்கமான மனுஷன்.”

க்ளெம் வீட்டுக்கு எங்க ஆளுங்க யாரும் தனியா போறதில்லை. ஆம்பளைங்களே ஜோடியாத்தான் போவோம். அவன் பொண்டாட்டி உடைஞ்ச தாடையோட வீட்டை விட்டு ஓடினதிலிருந்து அப்படி. இதை யாரும் எழுதி வைக்கலை, புதுசா வர்றவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லிடுவோம். சொல்ல வேண்டியவன் நான்.

அன்னிக்கு மத்தியானம் அவனுக்கு போன் பண்ணினதும் நான்தான். “உன் பொண்டாட்டிக்கு அடைக்கலம் கொடுத்தாளே அந்த நர்ஸ், அவ உன்கிட்டயே ஓட்டு கேட்டு வர்றா”ன்னேன். அவ நர்ஸ்ங்கறதும் ஓட்டு கேட்டு வர்றதும் நிஜம், அடைக்கலம்ங்கறது நான் கட்டின கதை. ரெண்டு சத்தம் போட்டு விரட்டுவான், இவ பயந்து ஊரைப் பார்க்கப் போயிடுவான்னு நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கே நான் சொல்லிக்கறேன்.

நெரிஸ் மாடிப்படியில தவறி விழுந்து செத்துட்டதா க்ளெம் சொன்னான். படியில விழுந்தவ கழுத்துல விரல் தடம் எப்படி வந்ததுன்னு நீங்க கேட்டீங்க. நியாயமான கேள்வி.

சவப்பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “உங்களைப் பத்தித்தான் நல்லவிதமா சொல்லிக்கிட்டே இருப்பா”ன்னு அழுதாங்க. அவ்வளவும் வீண். மேலிடம் முடிவை மாத்தலை. இப்பவும் பெண்கள் மட்டும்தான் நிக்கலாம், நிக்க ஒரு பொண்ணும் வரலை.

பொம்பளைங்கறதுனால செஞ்சீங்களான்னு கேட்கறீங்க. சத்தியமா இல்லை. போன தடவை ஓர் இளவட்டப் பையன் கட்சித் தேர்வுல என்னைத் தோற்கடிச்சு ஊர் கவுன்சிலுக்கு நின்னான். கை குலுக்கினேன் மேடம். க்ளெம் வீட்டுக்கு அவனை நானே கூட்டிக்கிட்டுப் போய், அவனுக்கு முன்னாடி நின்னு கதவைத் தட்டினேன்.