மிலூதுக்கு ஊட்டின கை

— கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க யாமினா அக்கா. ராத்திரி பூரா இந்த பெஞ்சு உங்களுக்குத்தான். இப்ப அவர் பொண்டாட்டிக்கும் இடம் விடுங்க.

— உட்காரு நுஸ்ஹா, யார் வேணாம்னா? கூட ஒருத்தர்தான் தங்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. தம்பி மிலூது என் பேரைச் சொன்னான். நானா கேட்டேன்?

— நீங்க எங்க கேப்பீங்க. பக்கத்துல நின்னு பெருமூச்சு விடுவீங்க. அவருக்கு அது போதும்.

— தாயில்லாப் பிள்ளை, என் மடியில வளர்ந்தவன். ஃபெஸ் பட்டணத்துலேருந்து நேத்து வந்தவளுக்கு அவனைப் பத்தி என்ன தெரியும்?

— பதினோரு வருஷமா நான் நேத்து வந்தவதான். சரி, சண்டை அப்புறம். இன்னும் கொஞ்ச நேரத்துல பித்தப்பையை எடுக்கக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. சாப்பிட ஏதாவது கேட்டாரா?

— நோன்பு இருக்கணும்னு நர்ஸ் பொண்ணு சொல்லுச்சு. இருக்கான்.

— ராத்திரியிலிருந்தே ஒண்ணும் உள்ள போகலையே?

— ஏன் இப்படித் துருவுற?

— மயக்க ஊசி போடுற டாக்டர் புஷ்ரா என்கிட்ட சொன்னாங்க. வயித்துல ஏதாவது கிடந்தா, மயக்கத்துல அது மேல ஏறி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடுமாம். நுரையீரல் கெட்டு ஆளே போயிடலாமாம்.

— என்கிட்ட யாரும் இப்படிச் சொல்லலையே.

— ஏன்க்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

— தூக்கமில்ல. அதான்.

— ஏதாவது கொடுத்தீங்களா?

— உனக்கு நான் பதில் சொல்லணுமா? ஒண்ணும் கொடுக்கல, போ.

— அப்பாடா. நீங்களும் கொடுத்திருந்தா வயிறு ரொம்பியிருக்குமேன்னுதான் பயந்தேன்.

— நீங்களும்னா?

— சொன்னா கோவப்படக் கூடாது. விடிகாலை பாங்குக்கு முன்னாடியே வந்துட்டேன். காவல்காரர் எங்க ஊர்க்காரர், உள்ள விட்டுட்டார். நீங்க நல்லா குறட்டை விட்டுட்டிருந்தீங்க. நாலு பேரீச்சம்பழத்தைப் பிச்சு ஊட்டினேன். என் விரலைக்கூட விடாம சப்பினார். அவ்வளவுதான், பழம் என்ன செஞ்சிடப் போகுது?

— அவன் உன் கையால சாப்பிட்டானா?

— “அக்காகிட்ட சொல்லாத, அது கையால சாப்பிட்டு அலுத்துப் போச்சு”ன்னார்.

— பொய். பாங்குக்கு முன்னாடி நான் எங்கடி குறட்டை விட்டேன்? நான்தான் அவனை எழுப்பினேன். நோன்புன்னா விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பிடாம எப்படி? பசியோட விட்டா படைச்சவன் கேக்க மாட்டானா? ரெண்டு முட்டை, ஒரு கிண்ணம் மோர், அப்புறம் நான் வீட்டுலேருந்து கொண்டு வந்த ஸெல்லூ. எள்ளும் பாதாமும் வறுத்துப் பொடிச்சு நெய்யில பிசைஞ்சது. பாங்கு சொல்றவரைக்கும் ஊட்டினேன். “உன் கை ருசி யாருக்கும் வராது அக்கா”ன்னான். யாருக்கும்னான், கேட்டுக்கோ. அந்த வயித்துல உன் பேரீச்சம்பழத்துக்கு எங்க இடம்?

— டாக்டர் புஷ்ரா, கேட்டீங்களா?

— கதவுக்குப் பக்கத்துலதான் நிக்கிறேன்மா. முழுசாக் கேட்டேன்.

— ஐயோ டாக்டரம்மா, நீங்க எப்ப வந்தீங்க?

— பயப்படாதீங்க யாமினா அம்மா. இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது, நாளைக்கு வச்சுக்கலாம். வெறும் நோன்புன்னு சொல்லி விட்டது எங்க ஆளுங்க தப்பு. சஹரும் கூடாதுன்னு சேர்த்துச் சொல்லியிருக்கணும். உங்க தம்பிகிட்டயும் நான் ரெண்டு தடவை கேட்டேன். ஒண்ணுமே சாப்பிடலைன்னு சத்தியம் பண்ணினார். அதை நம்பி இந்நேரம் ஊசி போட்டிருப்பேன்.

— நான் தெரியாமப் பண்ணினேன். எல்லாம் தெரிஞ்சே ஊட்டினாளே இவ, இவளை ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?

— நான் எங்கக்கா ஊட்டினேன்? காவல்காரரை எனக்கு யாருன்னே தெரியாது. விடியறவரைக்கும் கேட்டுக்கு வெளியதான் நின்னேன். அப்புறம் உள்ள வந்து அவர் நெத்தியில முத்தம் கொடுத்தேன், தாடியில உங்க எள்ளுப்பொடி. என்னன்னு கேட்டேன், ஒண்ணுமில்லைன்னு துடைச்சுக்கிட்டார். உங்களைக் காட்டிக் கொடுக்க மாட்டார் அக்கா. செத்தாலும் மாட்டார்.