சர்பத் படம் வந்தால் எடுப்பேன்

எதையும் அளந்து பேசும் அவைத் தலைவி சந்திரிகா அம்மையார் அவர்களே! ஐந்து நிமிடம் என்று விரல் காட்டிவிட்டு இப்போதே கடிகாரம் பார்க்கும் செயலாளர் ஹக்கீம் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் என் வயது முதியோரே! வடை தீர்வதற்குள் கூட்டம் முடியுமா என்று வாசலையே பார்க்கும் வாலிபரே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மாரே! பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடி வாழ் அன்பு நெஞ்சங்களே! அனைவருக்கும் இந்தச் சன்னாசியின் வணக்கம், சலாம்!

தொல்லை அழைப்புகளைத் தடுப்பது எப்படி? இதுதான் எனக்குத் தந்த தலைப்பு. பின்னால் தொங்கும் துணியிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். ஹக்கீம் படித்துச் சொன்னார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்று மைக்கில் முழங்குகிறேன். அன்று இதை மருமகளிடம் சொல்லவே வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் என்ன வேலை செய்தது தெரியுமா?

எந்த வருடம் என்கிறீர்களா? நாட்காட்டி வேண்டாம், நானே சொல்கிறேன். காரை ஏற்றும் பழைய ஃபெரி ஓய்ந்து, ஆளையும் மோட்டார் சைக்கிளையும் மட்டும் ஏற்றும் புது ஃபெரி ஓடத் தொடங்கியது. அதே மாதம் மாநிலத் தேர்தலும் வந்தது. நம் லிஃப்ட் மூன்று மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தது. அதற்கெல்லாம் பிறகு வந்த முதல் தைப்பூசம். சரிதானே, தலைவி அம்மா? பாருங்கள், தலையாட்டுகிறார்! லிஃப்டை அவர் எப்படி மறப்பார்?

தண்ணீர்மலைச் சாலையில் வருடந்தோறும் தண்ணீர்ப் பந்தல் போட்ட கூட்டாளிகள் நாங்கள் ஐந்து பேர். அந்த வருடம் மிஞ்சியது இருவர். மோர் கரைப்பவன் நான். ரோஸ் சர்பத் கலக்குபவன் அவன். அவனுக்கு நெஞ்சு நோய், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி, இரண்டும் உண்டு. ஆனாலும் கலக்கக் கலக்க ஒரு டம்ளர் ருசி பார்ப்பான்.

"குடிச்சது போதும்லா, கீழ வையிடா!" என்றேன்.

"ஒன் மோர ஒருத்தனும் தொடல. அந்தப் பொறாமைலா ஒனக்கு!" என்றான்.

நானூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் சொல்லலாமா? கரண்டியை வீசினேன். கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். அவன் பாலத்துக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அவனே கூப்பிடட்டும் என்று நானும் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார விட்டார்களா? காலையில் ஒருத்தி, மலாயில் மரியாதை கொடுத்து: "என்ச்சிக் சன்னாசி, உங்க பேர்ல கடத்தல் பார்சல் மாட்டியிருக்கு, உங்கள கைது பண்ணப் போறாங்க!"

"சீக்கிரம் வரச் சொல்லும்மா. வீட்ல இன்னிக்கும் கீரைதான்," என்றேன்.

மதியம் ஒருவன் கடன் வாங்கச் சொன்னான்; மாலையில் ஒருவன் கார் பரிசு என்றான். காலைத் தூக்கிப் பேருந்து ஏற முடியாதவனுக்குக் காரா? குளித்தால் மணி, குந்தினால் மணி, கும்பிட்டால் மணி! கூட்டாளிதான் என்று ஓடி ஓடி எடுக்கிறேன்; ஒவ்வொரு தடவையும் ஒரு திருடன்!

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மருமகள் ரூபினி பார்த்தாள். "மாமா, போன்ல பேர் ஏத்தாத நம்பர் வந்தா மணியே அடிக்காத மாதிரி வச்சிடலாம். வேண்டியவங்க பேரெல்லாம் ஏத்திட்டீங்களா?"

இங்கேதான் அன்பர்களே, இங்கேதான் இடறினேன்! பினாங்கு ஸ்ட்ரீட் மளிகைக் கிடங்கில் நாற்பது வருடம் போன் பார்த்தவன் நான். எழுத்து தெரியாது, எண் தெரியும். ஈப்போவா, தைப்பிங்கா, முதலாளி ஊர் பெயர் சொன்னால் போதும், என் விரல் நம்பரைச் சுழற்றும். எல்லா நம்பரும் தலைக்குள். போனுக்குள் ஒரு பெயர்கூட இல்லை. இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? இல்லை என்றால், ஏற்றுங்கள் என்பாள். எழுதத் தெரியாது என்பதை எந்த வாயால் சொல்வது? அவள் வந்த இரண்டு வருடமாக எந்தக் காகிதத்தை நீட்டினாலும் "கண்ணாடியக் காணோம்மா" என்றே காலம் தள்ளிய மாமனார் அல்லவா நான்!

"ஏத்தியாச்சும்மா," என்றேன்.

ஒரே ஒரு பொய்! அவள் பொத்தானை அமுக்கினாள். ஆகா, அமைதி! பூஜை அறையில் வைத்த பொருள்போல அடங்கியது போன். ஒரு நாள் ஆனந்தம். மூன்றாம் நாள் அரிப்பு. ஐந்தாம் நாள் ஆத்திரம்: இந்தப் பயலுக்கு இவ்வளவு திமிரா? கூப்பிட மாட்டானா? ஒன்பதாம் நாள் போனைக் குலுக்கிக்கூடப் பார்த்தேன். நானே கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்களா, பின்வரிசைத் தாயே? கரண்டியை வீசியவனுக்குக் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

பத்தாம் நாள் அவன் மகள் ஹுஸ்னா வந்து கதவைத் தட்டினாள். கண் சிவந்திருந்தது.

"என்ன மாமா நீங்க? வாப்பா நாளெல்லாம் ஒங்களத்தான் கூப்பிடுறாரு! நாளைக்கு நெஞ்சுல ஆப்பரேஷன். 'சன்னாசிகிட்ட பேசாம கையெழுத்துப் போட மாட்டேன்'னு படுத்துக் கெடக்காரு. டாக்டர் திட்டுறாரு, நான் அழுவுறேன், நீங்க போன எடுக்க மாட்டேங்கிறீங்க!"

அவள் காரில் பாலம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. திருடனைத் தடுக்கக் கதவைச் சாத்தினேன். உள்ளே வரவேண்டிய ஒருவனையும் அல்லவா வெளியே நிறுத்திவிட்டேன்!

ஆஸ்பத்திரியில் அவன் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"பெரிய மனுசா! இப்பத்தான் நேரம் கெடச்சிச்சோ?"

"போன் அடிக்கவே இல்லடா. பேர் ஏத்துனாத்தான் அடிக்குமாம். எனக்கு எழுதத் தெரியாதுன்னு மருமககிட்ட சொல்ல வெட்கப்பட்டு, ஏத்திட்டேன்னு பொய் சொல்லிட்டேன்."

மெல்லத் திரும்பினான். "அம்பது வருசமா எனக்குத் தெரியும்ல, எங்கிட்ட கேட்டிருந்தா நான் ஏத்தியிருப்பேனே, மடையா!" சிரித்தான், இருமினான், ஹுஸ்னாவிடம் பேனா கேட்டான். கையெழுத்துப் போட்டான்!

கைதட்டலை அவனுக்குக் கொடுங்கள். எனக்கு வேண்டாம்.

வீடு திரும்பி ரூபினியிடம் உண்மையைச் சொன்னேன். "ரெண்டு வருசமா கட்டிலுக்கு அடியிலெல்லாம் ஒங்க கண்ணாடியத் தேடினேனே மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பேர் வேணாம், படம் வச்சிடலாம். சொல்லுங்க." அவள் பேருக்கு ஒரு சோற்றுச் சட்டிப் படம், என் மகனுக்கு ஹெல்மெட். அப்புறம் தலைக்குள் இருந்த நம்பர்கள் தானாக வந்தன. பந்தல் கூட்டாளி காளிமுத்து நம்பர் சொன்னேன். "அவர் இல்லையே மாமா," என்றாள். லெட்சுமணன், முஸ்தஃபா... அவர்களும் இல்லை. நம்பர் மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே அன்பர்களே! திருடனைத் தடுங்கள்; தாராளமாகத் தடுங்கள். அதற்கு முன் உங்களவர் அத்தனை பேரையும் உள்ளே ஏற்றுங்கள்! தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். சொன்னால் என்ன குறைந்துவிடும்? எனக்கு என்ன குறைந்துவிட்டது?

மேடை தந்த சங்கத்துக்கு நன்றி! பொறுமை காத்த தாய்மாருக்கு நன்றி! கடிகாரத்தைக் கழற்றியே கையில் வைத்திருக்கும் செயலாளருக்குச் சிறப்பு நன்றி! அனைவருக்கும் வணக்கம், சலா...

பொறுங்கள்! சட்டைப் பையில் அடிக்கிறது. முறைக்காதீர்கள் தலைவி அம்மா. திருடன் அடித்தால் என் போன் இப்போது வாய் திறக்காது. இதோ பாருங்கள், படம் தெரிகிறதா? சிவப்பாக ஒரு டம்ளர் ரோஸ் சர்பத்! ஐவரில் என்னை விட்டால் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே கூட்டாளி, என் நூர் முகம்மது!